காற்றடைத்த படகும் நம் கடைச் சரக்கும்

செட்டிநாட்டுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக அன்பர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். கடலைப் பார்க்கத் தொண்டிப் பக்கம் போக வேண்டும். செக்காலை என்ற பெயரில் செக்கு இருக்கிறதே தவிர, தோணி இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிறைந்து, மீன்பாசி ஏலம் எடுத்தவர் வலை விடத் தொடங்கும் காலத்தில் சிவகங்கைச் சீமையின் எந்தப் பெரிய கண்மாய்க் கரையில் நின்று பார்த்தாலும் ஒரு காட்சி தென்படும். காற்றடைத்த லாரி டியூபின் மேல் ஒருவர் உட்கார்ந்து, கையால் தண்ணீரைத் துழாவிக்கொண்டே வலையை விரித்துப் போவார். அதுதான் நம் ஊர்ப் படகு. அதற்கு வேண்டிய டியூப், நைலான் கயிறு, தார்ப்பாய், சொல்யூஷன், பம்பு யாவும் செக்காலை ரோட்டிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் நம் வியாபாரிகள் விற்கும் சரக்குகளே.

இதே டியூபுதான் அமெரிக்காவில் ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாக இருந்தது. அங்கே பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களில் ஒரு சாரார், ஈயைப் போல இறகும் நூலும் கட்டிய தூண்டில் முள்ளை நீரின்மேல் வீசிப் பிடிப்பார்கள். முள்ளுக்கு எடை கிடையாது. கனமான நூலின் எடையால்தான் அது பறந்து போய் விழும். இந்த ஈத் தூண்டில்காரர்கள் கரையிலிருந்து எட்டாத இடத்துக்குப் போவதற்காக லாரி டியூபின் நடுவில் கித்தான் இருக்கை தைத்து, அதில் உட்கார்ந்து காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு மிதந்தார்கள். பிறகு டியூபை விட்டு, நீண்ட இரு காற்று மிதவைகளை ஓர் உலோகச் சட்டத்தால் இணைத்து, நடுவில் நாற்காலியும் இரு பக்கமும் துடுப்பும் வைத்தார்கள். அதுவே இன்று இரட்டை மிதவைப் படகு என்ற பெயரில் கடைகளில் தொங்குகிறது. இணையம் வழியாக இந்தியாவுக்கும் வந்து சேர்கிறது.

தமிழ்நாட்டில் ஈத் தூண்டில் நீலகிரியில் பழகிய விஷயம். அவலாஞ்சியில் 1907-ல் எச். சி. வில்சன் என்பவர் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்த நாள் தொட்டு அங்கே அந்தத் தூண்டில் உண்டு. நம் பக்கத்துக் கட்லாவும் ரோகுவும் விராலும் பொழுதுபோக்குக்குப் பிடிக்கும் மீன்கள் அல்ல, பிழைப்புக்குப் பிடிப்பவை. ஆனால் காற்றுப் படகைப் பொறுத்தமட்டில் இரண்டு பேருடைய கஷ்டமும் ஒன்றே. நடுத் தண்ணீரில் காற்று இறங்கினால் இருவர் கதியும் ஒன்றே.

வியாபாரி இதைக் கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. லாரி டியூப் குறைந்து வருகிறது. கார்களுக்கு டியூப் இல்லா டயர் வந்து வெகு காலம் ஆயிற்று. இப்போது புதிய லாரிகள், பஸ்கள் பலவும் அப்படியே வருகின்றன. பஞ்சர் கடை மூலையில் பழைய டியூப் மலைபோல் குவிந்து கிடந்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் பி.வி.சி. படகுகளும் விளையாட்டுப் படகுகளும் வந்து உட்காருகின்றன. பண்டம் மாறியிருக்கிறது, ஒட்டும் முறை மாறவில்லை. ஓட்டை விழுந்தால் இன்னமும் சைக்கிள் சொல்யூஷனைத்தான் கேட்கிறார்கள், நாமும் அதையே எடுத்துக் கொடுக்கிறோம். கோளாறு அங்கேதான்.

காற்றை நம்பியவர்கள்

காற்றை நம்பி நீரில் இறங்குவது புதிய பழக்கம் அல்ல. காற்றடைத்த ஆட்டுத்தோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீரர்கள் ஆறு கடக்கும் அசீரியச் சிற்பம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது; கி.மு. 9-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் அது. நம் நாட்டிலேயே சட்லெஜ், பியாஸ் ஆறுகளில் மாட்டுத்தோலை ஊதி அதன்மேல் படுத்துக் கடந்திருக்கிறார்கள். 1840-களில் பீட்டர் ஹால்கெட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி ரப்பர் பூசிய துணியில் ஒரு மேலங்கி தைத்தார். போட்டுக்கொண்டால் அங்கி, ஊதினால் படகு. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் வடதுருவப் பயணிகள் அதை உண்மையிலேயே பயன்படுத்தினார்கள்.

ரப்பர் வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையை அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்து 1844-ல் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே ரப்பர் உலகச் சரக்காயிற்று. ரப்பர் என்றாலே நகரத்தார் குடும்பங்களுக்கு மலாயாத் தோட்டங்கள் நினைவுக்கு வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய ஒரு சிறு பட்டறைதான் பிற்காலத்தில் எம்.ஆர்.எப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. காற்றை அடைத்து விற்பதும் நம்மவர்களுக்குத் தெரிந்த வியாபாரமே.

முதலில் பண்டம் எது என்று பாருங்கள்

ஓட்டையோடு ஒருவர் கடைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “அண்ணே, படகு எதுல செஞ்சது?” என்பதே. ஓட்டை எவ்வளவு பெரிது என்பது அதற்கப்புறம்.

லாரி டியூபாக இருந்தால் அது பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். சில இயற்கை ரப்பர். பியூட்டைல் காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் வழவழப்பாக இருப்பதால் சொல்யூஷன் லேசில் பற்றாது. உப்புத்தாள் போட்டுப் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அமுக்குவதுதான் எங்கும் நடக்கும் தவறு. சாலையில் டயருக்குள் இருக்கும் டியூபுக்கு அது ஒருவாறு போதும். டயரின் இறுக்கமே ஒட்டைப் பிடித்துக்கொள்ளும். வெளியே மிதக்கும் டியூபுக்கு அந்தத் துணை இல்லை. முடிந்தால் வல்கனைஸ் செய்யும் கடையில் சூட்டு ஒட்டுப் போட்டு வாங்குவது நல்லது.

பி.வி.சி. பூசிய துணிப் படகு வேறு சாதி. அந்தப் பிளாஸ்டிக்கை வளைய வைக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு திரவம் சேர்த்திருப்பார்கள். அது மெல்ல வெளியே கசிந்து, மேலே போட்ட சைக்கிள் சொல்யூஷனை இளக்கிவிடும். இன்று ஒட்டியது போலத் தெரியும். பத்து நாளில் ஒட்டு நகத்தால் நெம்பினாலே உரிந்து வரும். இதற்கு பாலியூரித்தேன் பசைதான் சரி. கடினமாக்கும் துளிகள் தனிப் புட்டியில் வரும் இரட்டைப் பசை என்றால் இன்னும் உறுதி. ஒட்டும் இடத்தைத் துணியில் அசிட்டோன் தொட்டு ஒருமுறை துடைத்து, அதே பி.வி.சி. துணியில் வட்டமாக ஒட்டு வெட்ட வேண்டும். ஓட்டையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தாண்டியிருப்பது நலம். சதுரமாக வெட்டினால் மூலை முதலில் கிளம்பும். ஒட்டிய பின் ஒரு நாள் முழுவதும் காற்றடிக்காமல் விட்டுவைக்க வேண்டும். மழைக்காலத்து ஈரக் காற்றில் இந்த ஒட்டு சரியாகப் பிடிக்காது என்பதையும் சொல்லி விற்க வேண்டும்.

மூன்றாவது வகை ஹைப்பலான் எனப்படும் ரப்பர் பூசிய துணி. மீட்புப் படகுகளிலும் விலையுயர்ந்த படகுகளிலும் காணலாம். டூபாண்ட் நிறுவனம் 2010 வாக்கில் இதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. வேறு நிறுவனங்களின் அதே வகை ரப்பர் இன்றும் அந்தப் பெயரிலேயே வழங்குகிறது. இதை நன்றாகத் தேய்த்து, நியோபிரீன் வகை இரட்டைப் பசை போட வேண்டும். பி.வி.சி. பசை இதற்கு உதவாது; இதன் பசை பி.வி.சி.க்கு உதவாது.

ஈத் தூண்டில்காரர்களின் இரட்டை மிதவைப் படகில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பலவற்றில் வெளியே தெரிவது உறைதான். ஜிப் திறந்தால் உள்ளே மெல்லிய காற்றுப் பை இருக்கும். கால்பந்துக்குள் பிளாடர் இருப்பது போல. அதில் வெளியுறை கிழிந்தால் தைத்து, மேலே ஒட்டுப் போடலாம். உள் பை ஓட்டையானால் அதை வெளியே எடுத்து யூரித்தேன் பசையால் அடைக்கலாம், அல்லது பையையே மாற்றலாம். உள்ளே மணலோ ஜிப் தலையோ உரசித்தான் பெரும்பாலும் ஓட்டை விழுகிறது. ஆகவே உறையைக் கவிழ்த்துத் தட்டாமல் புதுப் பையைப் போடுவது வீண் செலவு.

விளையாட்டுப் படகு என்று பெட்டியில் வருவது வெறும் பிளாஸ்டிக் தாள், துணியே கிடையாது. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாடச் செய்தது. தையல் ஓரத்தில் விட்டுவிட்டால் ஒட்டுவது அரிது. இதைக் கண்மாய்க்கு வேண்டும் என்று கேட்பவருக்கு விற்காமல் இருப்பதே மேல் என்பது நம் கருத்து. ஒரு விற்பனை போகலாம், போகட்டும்.

ஓட்டை எங்கே என்று தெரியாவிட்டால் துணி துவைக்கும் சோப்பைக் கரைத்துப் பெயிண்டு பிரஷ்ஷால் தடவிக் குமிழியைப் பார்க்கலாம். வால்வில்தான் முதலில் பார்க்க வேண்டும். பாதிப் படகுகள் ஓட்டையே இல்லாமல் வால்வு வாயில் மணல் சிக்கியதால் காற்று இறங்குபவை.

நம் கண்மாய்க்கு ஏற்ற மாற்றங்கள்

நம் பக்கத்துக் கண்மாய்களுக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. சீமைக் கருவேலம். கோடையில் உள்வாய் முழுக்க முளைத்து, மழை வந்ததும் மூழ்கிக் கிடக்கும். அந்த முள் லாரி டியூபையே துளைக்கும், பி.வி.சி. துணி எம்மாத்திரம். எனவே எந்தக் காற்றுப் படகானாலும் அடியில் ஒரு காப்பு வேண்டும். பழைய லாரித் தார்ப்பாயை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்த உறை டியூபுக்குப் போதும். பி.வி.சி. படகுக்கு அடிப்பாகம் நெடுக அதே துணியில் ஒரு பட்டை ஒட்டலாம். அது தேய்ந்தால் உரித்துவிட்டு வேறு பட்டை போடலாம், படகு தேயாது.

டியூபின் நடுவில் பலகை வைப்பதைவிட நைலான் கயிற்றைக் கட்டில் போலப் பின்னுவது உத்தமம். பலகையின் மூலை டியூபைத் தேய்க்கும். உடல் எடையும் ஒரே பக்கம் சாயும். கயிறு டியூபில் பதியும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட வேண்டும்.

10.00-20 அளவு லாரி டியூபில் ஏறத்தாழ 130 லிட்டர் காற்று கொள்ளும். முழுவதும் முங்கினால்தான் 130 கிலோவைத் தாங்கும் என்று அர்த்தம். பாதி முங்கிய நிலையில் 60 கிலோவுக்கு மேல் நம்பக் கூடாது. ஆளும் ஈர வலையும் பிடித்த மீனும் சேர்ந்தால் அது ஒன்றுமில்லை. ஆகையால் இரண்டு டியூபை இணைப்பதே அறிவுடைமை. எடை தாங்கும் என்பதைவிட, ஒன்று வெடித்தாலும் மற்றொன்று ஆளைக் கரை சேர்க்கும். இரட்டை மிதவைப் படகின் அடிப்படையே இந்த யோசனைதான்.

இணைக்கும் சட்டத்துக்கு மூங்கில் போதும். குழாய்ச் சட்டம் போட்டால் முனைகளில் பி.வி.சி. மூடி போட வேண்டும். அலுமினியக் குழாயில் இரும்பு போல்ட்டையோ எவர்சில்வர் போல்ட்டையோ நேராக முடுக்கினால் இரு உலோகங்களுக்கும் நடுவில் ஈரம் இருந்து அலுமினியம் அரிக்கும். நைலான் வாஷர் இடையில் போட்டால் அந்தத் தொல்லை குறையும். உலோக அரிப்பை ஆராய 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காரைக்குடியில் இதை விரித்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்!

ஈத் தூண்டில்காரர்களிடம் நம் வலைக்காரர்கள் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அவர்கள் தங்கள் படகில் எதையும் துருத்திக்கொண்டு நிற்க விடுவதில்லை. வீசும் நூல் வளையம் வளையமாக மடியில் கிடக்கும். போல்ட்டிலோ வாரின் கொக்கியிலோ ஒரு வளையம் மாட்டினால் வீச்சு கெட்டது. அதனால் மடிமேல் ஒரு வலைத்துணியை விரித்து, எல்லா முடிச்சுகளையும் அதன் கீழே மறைத்துவிடுவார்கள். லாரி டியூபின் நீண்ட பித்தளை வால்வு இருக்கிறதே, நம் வலைக்கு அதுதான் எமன். வலை அதில் மாட்டி, அதை விடுவிக்க ஆள் சாய்ந்து, டியூப் கவிழும். வலையோடு தண்ணீரில் விழுந்தவன் நீச்சல் தெரிந்தவனாக இருந்தும் பயனில்லை. காலில் வலை சுற்றிக்கொள்ளும். வால்வை மடக்கி, சைக்கிள் டியூப் துண்டால் கட்டி, மேலே தார்ப்பாய்த் துண்டு போட்டுத் தைத்துவிட வேண்டும். மொத்தச் செலவு ஒரு டீ, வடை காசு.

தெர்மாகோலை நிரப்பிவிட்டால் காற்றே வேண்டாமே என்று சிலர் கேட்கிறார்கள். பாம்பன் பக்கம் கடலிலேயே தெர்மாகோல் மிதவையில் போய் மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பஞ்சர் ஆகாது என்பது உண்மை. ஆனால் வெயிலில் பொடிப் பொடியாக உதிர்ந்து தண்ணீரெல்லாம் பரவும். 2017-ல் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் காற்றில் கரை ஒதுங்கிய கதை ஊரறியும். இரட்டை டியூபுக்கு நடுவில், சாக்கில் கட்டிய ஒரு தெர்மாகோல் துண்டை உயிர்காப்பாக வைப்பதில் தவறில்லை.

காற்று அடிப்பதிலும் ஒரு வார்த்தை. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் படகுக்குக் காற்று அடிக்கவே கூடாது. இந்தப் படகுகளுக்கு வேண்டியது 1 முதல் 3 பவுண்டு வரைதான். கம்ப்ரஸரில் இருப்பது 100 பவுண்டுக்கு மேல். கண் இமைக்கும் நேரத்தில் தையல் விட்டுவிடும். காலால் மிதிக்கும் பம்பு போதும். டயருக்கு வெளியே டியூபை ஊதும்போது உருண்டை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புடைத்தால் அது வெடிக்கப் போகிற இடம். காலையில் 27 டிகிரியில் 2.5 பவுண்டு அடித்த படகு, கரையில் வெயிலில் கிடந்து உள்காற்று 57 டிகிரி ஆனால் கணக்குப்படி 4 பவுண்டைத் தாண்டும். நம் சித்திரை வெயிலுக்கு இது பெரிய சூடல்ல. கரையேறியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவதோ ஈரச் சாக்கைப் போர்த்துவதோ அவசியம்.

வியாபாரியின் பொறுப்பு

இதைப் படிக்கும் சிலருக்கு, கடையிலேயே இரண்டு டியூபைக் கட்டி, இருக்கை தைத்துப் படகாகவே விற்றால் என்ன என்று தோன்றும். லாபம் நன்றாக நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில் பொருளால் நேரும் தீங்குக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதன்படி, பொருளை மாற்றியமைத்து விற்று, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால் விற்றவர் பொறுப்பாவார். தயாரிப்பாளர் தரும் எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டாலும் பொறுப்பு வரும். டயருக்குள் போடச் செய்த டியூபைப் படகு என்று பில் போட்டால், கண்மாயில் ஒன்று நேர்ந்தால், பில் நம்முடையதாக இருக்கும்.

வாடிக்கையாளர் தாமே கட்டிக்கொள்ளட்டும். நாம் சரக்கைக் கொடுத்து, அறிந்ததைச் சொல்வோம். பி.வி.சி. படகு விற்பவர்கள் அதோடு வரும் ஒட்டுப் பையையும் குறிப்புத் தாளையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடாமல் சேர்த்தே கொடுக்க வேண்டும். குறிப்பு ஆங்கிலத்திலோ சீன மொழியிலோ இருந்தால் நான்கு வரி தமிழில் எழுதி ஒட்டுவது பெரிய வேலை அல்ல. பசை வாங்கும்போது மூடியில் உள்ள தேதியைப் பாருங்கள். திறக்காத புட்டியும் நாளானால் கெட்டியாகும், நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரமே ஆகும். ஆகவே மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம். உயிர்காப்பு மிதவைச் சட்டை ஒன்றிரண்டு கண்ணில் படும்படி தொங்கட்டும். டியூபுக்குக் கொடுக்கும் காசைச் சட்டைக்குக் கொடுக்க எல்லாரும் தயங்குகிறார்கள். மீன்பாசி ஏலம் எடுப்பவரிடம் பேசினால் ஆட்களுக்காக மொத்தமாக வாங்குவார்.

பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றி, படகுகள் வீட்டுக்கு வரும். டியூபையோ படகையோ நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பஞ்சர் கடைகளில் டியூபுக்குப் போடும் சாக்குப் பொடியைத் தூவி, இறுக்காமல் தளர்வாகச் சுருட்டி வைக்க வேண்டும். இறுக்கி மடித்தால் அடுத்த வருஷம் அந்த மடிப்பிலேயே வெடிப்பு ஓடும். தரையில் வைத்தால் எலி சும்மா இருக்காது. பரணில் வைத்தாலும் அதே கதைதான். உத்தரத்திலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள்.